கொப்பேர் மரம் எந்த மரம்? நோவாவின் பேழையைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொப்பேர் மரம் எங்கே குறிப்பிடப்படுகிறது?

விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில், 6ஆம் அதிகாரம் 14ஆம் வசனத்தில். பெருவெள்ளம் வரப்போகிறது என்று நோவாவுக்கு அறிவித்த கடவுள், கொப்பேர் மரத்தால் ஒரு பேழை செய்து, அதில் அறைகள் அமைத்து, உள்ளும் புறமும் கீல் (தார் போன்ற பூச்சு) பூசும்படி கட்டளையிடுகிறார். அடுத்த வசனத்தில் அளவுகள் வருகின்றன: நீளம் 300 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம். அளவுகளைப் புரிந்துகொள்வதில் சிக்கல் இல்லை. கீல் என்னவென்பதும் தெரியும். மரத்தின் பெயரில்தான் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எல்லோரும் தடுமாறி நிற்கிறார்கள்.

ஒரு மரத்தின் பெயரை அறிவதில் அவ்வளவு என்ன கடினம்?

எபிரேய விவிலியம் முழுவதிலும் அந்தச் சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது. ஒரு சொல் பல இடங்களில் வந்தால், மலையில் வளர்கிறதா, ஆற்றோரத்தில் வளர்கிறதா, அதில் வீடு கட்டினார்களா, வாசனைக்கு எரித்தார்களா என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு துப்புக் கிடைக்கும். கேதுரு மரத்தை நாம் அறிவது அப்படித்தான். அது லீபனோனில் வளர்கிறது, சாலொமோன் அதைக் கொண்டு ஆலயம் கட்டினார், தீரு நாட்டு அரசன் அதைக் கடல்வழியே மிதக்கவிட்டு அனுப்பினான். கொப்பேருக்கு இப்படி எந்தச் சுற்றமும் இல்லை. அண்டை மொழிகளில் இதே ஒலியோடு ஒரு மரப்பெயர் உறுதியாகக் கிடைத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். அதுவும் கிடைக்கவில்லை.

தமிழில் ஏன் மரத்தின் பெயரை மாற்றாமல் அப்படியே விட்டார்கள்?

தெரியாத சொல்லைத் தெரிந்ததுபோல் காட்டுவதைவிட, ஒலியை அப்படியே எழுதுவது நேர்மையானது என்பதால்தான். 1611இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பும் அதையே செய்தது. என் பார்வையில் அது சரியான முடிவு. “தேவதாரு” என்றோ “சவுக்கு” என்றோ எழுதியிருந்தால், இப்படி ஒரு கேள்வி இருப்பதே தமிழ் வாசகருக்குத் தெரியாமல் போயிருக்கும்.

கொப்பேர் என்பது ஆங்கிலத்தில் செம்பைக் குறிக்கும் சொல்லா?

இல்லை. ஒலி ஒத்துப்போவது தற்செயல். மூலத்தில் “மரங்கள்” என்ற சொல் கொப்பேருக்கு முன்னால் தெளிவாக நிற்கிறது. ஆகவே அது உலோகம் அல்ல.

பழங்கால மொழிபெயர்ப்பாளர்களுக்காவது தெரிந்திருக்குமே?

அவர்களும் ஊகித்தார்கள் என்பதே இந்தப் புதிரில் மிகவும் சுவையான பகுதி. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் யூத அறிஞர்கள் இந்நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தார்கள். எபிரேயத்தோடு நெருக்கமாக வாழ்ந்த அவர்கள் மரத்தின் பெயரையே எழுதவில்லை. “சதுரமாக அறுத்த மரங்கள்” என்று எழுதினார்கள். கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் லத்தீனில் பெயர்த்த எரோணிமுஸ் “இழைத்து வழவழப்பாக்கிய மரங்கள்” என்றார். இரண்டுமே தச்சு வேலையைச் சொல்கின்றன, மர வகையைச் சொல்லவில்லை. ஆக, கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே இந்தச் சொல்லின் பொருள் மறந்துபோயிருந்தது என்று கொள்ளலாம்.

பிற்காலத்தில் ஒவ்வொருவரும் தமக்குப் பழக்கமான மரத்தைக் கொண்டுவந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியரான லூத்தர் தம் நாட்டுக் காடுகளில் நிறைந்திருக்கும் ஊசியிலை மரமான ஃபிர் மரத்தை எழுதினார். அதே நூற்றாண்டின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் சில பைன் மரத்தை எழுதின.

யூத மரபு என்ன சொல்கிறது?

கேதுரு வகை என்கிறது. அரமேய மொழியில் அமைந்த பழைய மொழிபெயர்ப்பான தர்கூம் ஒன்கெலோஸ் கேதுருவைக் குறிக்கும் கிரேக்கக் கடன்சொல்லை இங்கே பயன்படுத்துகிறது. ஆதியாகமத்தின் பழைய விளக்க நூல் ஒன்றில், நோவா 120 ஆண்டுகள் கேதுருக்களை நட்டு வளர்த்து வெட்டினார் என்ற கதை உண்டு. நாற்று நட்ட நாளிலிருந்தே அயலார் “இது எதற்கு?” என்று கேட்டு, மனம் திரும்ப அவகாசம் கிடைக்கட்டும் என்பது அந்தக் கதையின் நோக்கம்.

யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூதில் இதே கேள்வி நேரடியாகக் கேட்கப்படுகிறது: “கொப்பேர் என்றால் என்ன?” விடையாக மப்லிகா, கோலமிஷ் என்று இரண்டு பெயர்கள் தரப்படுகின்றன. தெரியாத ஒரு சொல்லுக்கு, அதே அளவு விளங்காத இரண்டு சொற்கள். 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி வேறொரு கோணத்தில் பார்த்தார். இந்த மரத்தின் பெயர் எபிரேயத்தில் கந்தகத்தைக் குறிக்கும் “கோஃப்ரித்” என்ற சொல்லை நினைவூட்டுகிறது. அந்தத் தலைமுறைக்கு விதிக்கப்பட்ட தண்டனையை அது சுட்டுகிறது என்றார். அது போதனை, தாவரவியல் விடையை அதில் தேடக் கூடாது. ஆனால் இந்தக் கந்தகத் தொடர்பைப் பிடித்துக்கொண்டு, பிசின் மிகுந்து எளிதில் தீப்பற்றும் மரமாக இருக்கலாம் என்று எண்ணுவோரும் உண்டு. 1985இல் வெளிவந்த ஆங்கிலக் கத்தோலிக்க மொழிபெயர்ப்பு ஒன்று “பிசின் மரம்” என்றே எழுதியிருக்கிறது.

பல நவீன மொழிபெயர்ப்புகள் சைப்ரஸ் மரம் என்கின்றனவே, ஆதாரம் என்ன?

இந்தக் கருத்து 17ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. பிரெஞ்சு அறிஞர் சாமுவேல் போஷார், கிரேக்கத்தில் சைப்ரஸைக் குறிக்கும் “குபாரிஸ்ஸோஸ்” என்ற சொல்லின் முதற்பகுதியும் கொப்பேரும் ஒத்துப்போகின்றன என்றார். ஒலி ஒற்றுமை மட்டும் என்றால் நான் இதைப் பெரிதாக மதித்திருக்க மாட்டேன். ஆனால் வரலாறும் துணைக்கு வருகிறது. அலெக்சாந்தர் தம் இறுதி ஆண்டான கி.மு. 323இல் பாபிலோனில் கப்பல்கள் கட்ட முனைந்தபோது, அந்நாட்டில் நிறையக் கிடைத்த மரம் சைப்ரஸ் மட்டுமே என்பதால் அதையே வெட்டிக் கட்டினார்கள் என்று வரலாற்றாசிரியர் அர்ரியன் எழுதியிருக்கிறார். வெள்ளக் கதைகளின் தாய்நாடு பாபிலோன் அமைந்த அதே மெசபொத்தாமியாதான், அதாவது இன்றைய ஈராக் பகுதி. தாவரவியலின் தந்தை எனப்படும் தியோஃபிராஸ்டஸும் எளிதில் உளுத்துப்போகாத மரங்களில் சைப்ரஸைச் சேர்க்கிறார்.

எதிர்வாதமும் லேசானதல்ல. எபிரேயச் சொல்லில் மூன்றே மெய்கள். கிரேக்கச் சொல்லின் பின்பாதி எங்கே போயிற்று? தொடக்க ஒலியும் வேறு: ஒன்று “கங்கை” என்னும்போது முதலில் வரும் மெல்லிய ஒலி, மற்றது “கடல்” என்னும்போது வரும் வல்லொலி. இதற்கும் மேலாக, அந்த வகை ஊசியிலை மரங்களுக்கு எபிரேயத்தில் “பெரோஷ்” முதலிய பெயர்கள் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தன. பழகிய பெயர் கையில் இருக்கும்போது யாரும் அறியாத பெயரை ஏன் எழுத வேண்டும்?

அப்படியானால் கேதுருவுக்கும் அதே எதிர்வாதம் பொருந்துமா?

இன்னும் வலுவாகப் பொருந்தும். கேதுருவுக்கு “எரெஸ்” என்ற சொல் எபிரேய விவிலியம் முழுவதும் இறைந்து கிடக்கிறது. கப்பல் கட்ட அது உகந்த மரம் என்பதில் ஐயமே இல்லை. எகிப்தில் கூஃபு மன்னரின் பெரிய பிரமிடுக்கு அருகே 1954இல் கண்டெடுக்கப்பட்ட படகு ஏறத்தாழ 43 மீட்டர் நீளம். சுமார் 4,500 ஆண்டுகள் பழமையான அது லீபனோன் கேதுருவில் செய்யப்பட்டது. துருக்கிக் கடற்கரையில் உலுபுருன் அருகே மூழ்கிக் கிடந்த, கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வணிகக் கப்பலின் உடலும் கேதுருதான். நோவாவின் பேழையும் கேதுரு என்று எழுத நினைத்திருந்தால், எழுத்தர் அப்படியே எழுதியிருப்பார்.

பத்துக் கட்டளைகளின் கற்பலகைகளை வைத்த உடன்படிக்கைப் பெட்டி சீத்திம் மரத்தால் ஆனது அல்லவா? அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அந்தப் பெட்டிக்கும் நோவாவின் பேழைக்கும் எபிரேயத்தில் வெவ்வேறு சொற்கள். சீத்திம் என்பது வேல மரத்தின் இனம். சீனாய்ப் பாலைவனத்தில் வளர்வது. நோவாவின் பேழையைக் குறிக்கும் “தேவா” என்ற சொல் மறுபடி வருவது ஒரே ஒரு நிகழ்வில்தான்: குழந்தை மோசேயை நைல் ஆற்றில் விட்ட நாணற்பெட்டி. அதற்கும் கீல் பூசினார்கள். இந்த ஒற்றுமையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே தேவைப்படும்.

கீலைக் குறிக்கும் சொல்லும் கொப்பேர் போலவே ஒலிக்கிறதாமே?

ஆம். என் மதிப்பீட்டில் இந்தப் புதிரின் சாவி இருப்பது இங்கேதான்.

அதே வசனத்தில் கீலுக்கு வரும் எபிரேயச் சொல் “கோஃபெர்”. தமிழ் எழுத்தில் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது கடினம் என்பதால், இங்கே மரத்தைக் கொப்பேர் என்றும் கீலைக் கோஃபெர் என்றும் எழுதுகிறேன். எபிரேயத்தில் முதல் எழுத்து மட்டுமே வேறு. கோஃபெர் என்ற சொல் விவிலியத்தின் மற்ற இடங்களில் பெரும்பாலும் மீட்புப் பணத்தையோ மருதோன்றியையோ குறிக்கும். கீல் என்ற பொருளில் வருவது இங்கு மட்டும்தான். மோசேயின் பெட்டிக்குப் பூசிய கீலுக்கு வேறு சொற்கள் ஆளப்படுகின்றன.

இந்த ஓரிடத்தில் மட்டும் ஏன் அந்தச் சொல்? பாபிலோனிய மொழியான அக்காதியத்தில் நிலக்கீலுக்குப் பெயர் “குப்ரு”. அங்குள்ள வெள்ளக் கதைகளில் படகுக்குப் பூசுவது குப்ருவேதான். கில்கமேஷ் காவியத்தின் 11ஆம் பலகையிலும், அதைவிடப் பழைய அத்ரஹாசிஸ் கதையிலும் இது வருகிறது. யூப்ரத்தீஸ் கரையில் ஹீத் என்ற ஊரில் நிலக்கீல் தானாக ஊறி வெளிவரும். பாபிலோனிலிருந்து எட்டு நாள் பயணத்தில் உள்ள அந்த ஊரைப் பற்றி கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸும் எழுதியிருக்கிறார். கானான் மலைநாட்டில் பேழைக் கதையை எழுதியவர் மெசபொத்தாமியப் படகுத் தொழிலின் சொல்லைக் கையாள்கிறார் என்றால், அதே வாக்கியத்தில் நிற்கும் கொப்பேரும் அதே பட்டறையிலிருந்து வந்திருக்க வாய்ப்பு மிகுதி. ஆகவே லீபனோன் காடுகளைவிட யூப்ரத்தீஸ் கரையில் தேடுவதே பொருத்தம் என்பது என் நிலைப்பாடு.

கொப்பேர் என்பதே கோஃபெர் என்ற சொல்லின் எழுத்துப் பிழையாக இருக்குமா?

அப்படிச் சொன்னவர்கள் உண்டு. அதன்படி பொருள் “கீல் பூசிய மரம்” என்றாகும். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் ஒன்றைச் “சதுர மரம்” என்றும் மற்றதை “அஸ்ஃபால்ட்” என்றும் பெயர்த்திருக்கிறார்கள். அவர்கள் கையில் இருந்த சுவடியிலும் இரண்டு வெவ்வேறு சொற்களே இருந்திருக்க வேண்டும். பிழை நேர்ந்திருந்தால் அது அதற்கும் முந்தையது. அதற்குச் சான்றாக ஒரு சுவடியும் இல்லை.

நாணலால் கட்டிய பேழை என்று சிலர் சொல்வது எதன் அடிப்படையில்?

வசனத்தில் “அறைகள்” என்று பெயர்க்கப்படும் “கின்னிம்” என்ற சொல் மற்ற இடங்களில் எல்லாம் பறவைக் கூடுகளைக் குறிக்கும். பழைய எபிரேயத்தில் உயிர்க்குறிகள் எழுதப்படவில்லை. அதே மெய்களை “கானிம்” என்று படித்தால் “நாணல்கள்” என்றாகும். 1954இல் எட்வர்ட் உல்லெண்டார்ஃப் என்ற செமித்திய மொழி அறிஞர் இப்படிப் படிக்க வேண்டும் என்று வாதிட்டார். 1970இல் வெளிவந்த ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பு இதை ஏற்று, சைப்ரஸ் மர விலா எலும்புகளால் கட்டி, நாணலால் மூடி, கீல் பூசச் சொல்வதாக எழுதியது.

இப்படிப் படித்தால் வசனத்தின் அமைப்பே மாறுகிறது. மரம், அறை, கீல் என்ற வரிசையில் நடுவில் இருப்பது மட்டும் பொருத்தமின்றி நின்றது. இப்போது மரம், நாணல், கீல் என்று மூன்றும் கட்டுமானப் பொருட்கள். ஆற்றங்கரைப் படகு செய்பவன் தன் மகனுக்குச் சொல்லும் பொருள் பட்டியல் போலவே இருக்கிறது. கில்கமேஷ் காவியத்தைப் பாருங்கள். வெள்ளத்தை எச்சரிக்கும் தெய்வம் பேசுவதே “நாணல் குடிலே, நாணல் குடிலே” என்று நாணல் சுவரை விளித்துத்தான். வீட்டை இடித்துப் படகு கட்டு என்கிறது. வேலைக்கு வருபவர்களில் தச்சன் கோடரியோடு வருகிறான். நாணல் பின்னுபவன் தன் கல்லோடு வருகிறான். கீலைச் சுமந்து வருவோரும் இருக்கிறார்கள். அதே மூன்று பொருட்கள்.

2014இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இர்விங் ஃபிங்கெல் ஒரு களிமண் பலகையை வெளியிட்டார். ஏறத்தாழ கி.மு. 1900க்கும் 1700க்கும் இடைப்பட்டது. 60 வரிகள் கொண்டது. அதில் வெள்ளப் படகு வட்டமானது. பனைநார்க் கயிற்றைச் சுருட்டிச் சுருட்டிக் கூடைபோல் பின்னி, உள்ளே 30 மர விலாக்களை நிறுத்தி, மேலே நிலக்கீல் பூசச் சொல்கிறது. அடிப்பரப்பு 3,600 சதுர மீட்டர் அளவு. ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்களுக்கு இந்த வடிவத்தை விளக்க வேண்டியதில்லை. ஈராக்கில் அண்மைக் காலம் வரை ஓடிய “குஃபா” படகும் நம் பரிசலும் ஒரே அமைப்பு: பின்னல் கூடை, கீல் பூச்சு. இந்தப் பலகையின் குறிப்புகளைப் பின்பற்றி, அளவை மிகவும் சுருக்கி, கேரளத்தின் காயல் பகுதியில் ஒரு வட்டப் படகைக் கட்டியும் பார்த்தார்கள். மிதந்தது. ஆனால் நீர் கசிந்தது. ஈராக்கின் இயற்கை நிலக்கீலைப் போன்ற தரமான பூச்சு கிடைக்காததுதான் காரணம் என்றார்கள்.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால், கொப்பேர் என்பது பலகை அறுக்கும் பெருமரமாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. வளைந்து கொடுக்கும் விலா மரமாகவும் இருக்கலாம். அக்காதியத்தில் உள்ள “கிபாரு” என்ற சொல்லோடு கொப்பேரைத் தொடர்புபடுத்திப் பார்த்தவர்களும் உண்டு. அந்தச் சொல்லின் பொருளே சர்ச்சைக்குரியது என்பதால் நான் அதில் சாய்ந்து நிற்க மாட்டேன்.

இஸ்லாமிய மரபில் தேக்கு என்கிறார்களே?

குர்ஆன் மரத்தின் பெயரைச் சொல்லவில்லை. 54ஆவது அத்தியாயத்தில் “பலகைகளும் ஆணிகளும் உடையது” என்று மட்டும் கப்பலை வருணிக்கிறது. பிற்கால அரபு விளக்கவுரைகளில்தான் தேக்கு வருகிறது. பைன் என்றும் கருத்து உண்டு. தேக்கு மேற்காசியாவில் இயற்கையாக வளர்வதில்லை. இந்தியாவிலிருந்து, குறிப்பாக மேற்குக் கடற்கரையிலிருந்து, கப்பலேறிப் போனது. அரபு உலகம் அறிந்த மிகச் சிறந்த கப்பல் மரம் அதுதான் என்பதால், மிகச் சிறந்த கப்பலுக்கு அதையே நினைத்தது இயல்பு. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே தியோஃபிராஸ்டஸ், இன்றைய பஹ்ரைனான தைலோஸ் தீவில் கப்பல் கட்டும் ஒரு மரம் கடல்நீரில் 200 ஆண்டுகளுக்கு மேல் கெடாது என்று கேள்விப்பட்டதை எழுதினார். அது தேக்காக இருக்கலாம் என்பது பலரின் கருத்து. ஆனால் கொப்பேர் என்ற சொல்லைத் தேக்கோடு இணைக்க மொழியியல் சான்று ஏதும் இல்லை.

அமெரிக்காவில் கொப்பேர் மரம் இன்றும் வளர்கிறதாமே?

ஃபுளோரிடா மாநிலத்தில் அப்பலாச்சிகோலா ஆற்றின் கரைச் சரிவுகளில் வளரும் டொரேயா என்ற ஊசியிலை மரத்தை அப்பகுதியினர் அந்தப் பெயரால் அழைப்பது உண்மை. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் எல்வி காலவே என்ற வழக்கறிஞர், ஏதேன் தோட்டமே அங்குள்ள பிரிஸ்டல் ஊருக்கு அருகில்தான் இருந்தது, நோவா பேழையைக் கட்டியதும் அங்கேதான் என்று பரப்பினார். அவருக்கு முதன்மையான சான்றாக நின்றது இந்த மரம். விவிலியத்திலிருந்து எடுத்து மரத்துக்குச் சூட்டிய பெயரை வைத்தே விவிலியத்தை விளக்குவது சுற்றி வளைத்து ஒரே இடத்துக்கு வருவதுதான். ஆனால் அந்த மரத்தைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டிய காரணம் வேறு. பூஞ்சை நோயால் அது காட்டில் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. உலகில் மிக அருகிப்போன ஊசியிலை மரங்களில் அதுவும் ஒன்று.

பேழை தங்கியதாகச் சொல்லப்படும் அரராத் மலையில் கிடைத்த மரத்தைச் சோதித்தால் தெரிந்துவிடாதா?

1955இல் ஃபெர்னாண்ட் நவாரா என்ற பிரெஞ்சுக்காரர் அந்த மலையின் பனிப்பாறையிலிருந்து ஒரு மரத்துண்டை எடுத்து வந்தார். முதலில் அது 5,000 ஆண்டுப் பழமையானது என்று பேசப்பட்டது. பிறகு செய்த கதிரியக்கக் கார்பன் சோதனைகள் அது கிறிஸ்துவுக்குப் பிந்தைய முதல் ஆயிரமாண்டைச் சேர்ந்தது என்று காட்டின. மரம் கருவாலி வகை.

இங்கே ஓர் அடிப்படையையும் சொல்ல வேண்டும். ஒரு மரத்துண்டின் நுண்ணறைகளைப் பார்த்து அது எந்த இனம் என்று ஆய்வகம் சொல்லிவிடும். வயதையும் சொல்லிவிடும். ஆனால் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதர் அதை எந்தப் பெயரால் அழைத்தார் என்பதை எந்த நுண்ணோக்கியும் சொல்லாது.

300 முழக் கப்பலை மரத்தால் கட்ட முடியுமா? அதிலிருந்து மர வகையை ஊகிக்கலாமா?

ஒரு முழம் 45 செ.மீ. என்று கொண்டால் நீளம் சுமார் 135 மீட்டர். மரக் கப்பல்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான அமெரிக்காவின் ‘வயோமிங்’ 1909இல் கட்டப்பட்டது. முன்னால் நீண்ட கழியையும் சேர்த்தால்தான் அது ஏறத்தாழ அந்த நீளத்தை எட்டும். அதன் உடல் அலைகளில் நெளிந்து, பலகை இடுக்குகளில் நீர் புகுந்துகொண்டே இருந்ததால் ஓயாமல் இறைக்க வேண்டியிருந்தது. 1924இல் மூழ்கியது. எந்த மரமானாலும் இந்தச் சிக்கல் தீராது. ஆகவே அளவை வைத்து மர வகையைத் தேர்வது பயனற்றது.

எது கிடைத்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்?

ஒரு களிமண் பலகை போதும். மெசபொத்தாமியப் பள்ளிகளில் மாணவர்கள் மனப்பாடம் செய்வதற்காகச் சுமேரியம், அக்காதியம் என்று இரு மொழிகளில் நீண்ட சொற்பட்டியல்கள் வைத்திருந்தார்கள். “உர்ரா–ஹுபுல்லு” என்று ஆய்வாளர்கள் அழைக்கும் பெரும்பட்டியலின் 3ஆம் பலகை முதல் பல பலகைகள் மரங்களுக்கும் மரப்பொருட்களுக்கும் உரியவை. படகுகளும் படகு உறுப்புகளும்கூட அவற்றில் உண்டு. இந்த வகைப் பட்டியலிலோ, படகுத்துறைக் கணக்கிலோ கொப்பேரின் மெய்களோடு ஒரு மரம் அல்லது மர உறுப்பு வந்து, பக்கத்தில் அதன் சுமேரியப் பெயரும் இருந்தால் விடை நெருங்கிவிடும். அருங்காட்சியகங்களில் இன்னும் படிக்கப்படாத ஆப்பெழுத்துப் பலகைகள் ஏராளமாக இருக்கின்றன. ஃபிங்கெலின் பலகையும் நெடுங்காலம் ஒரு தனியார் வீட்டில் கிடந்ததுதான்.

அதுவரை ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

“இந்தப் பெயரின் பொருள் மறந்துபோய்விட்டது, மரங்களில் சைப்ரஸ் என்று சொல்வோர் அதிகம், ஆனால் கதை பிறந்த நாட்டில் நாணலும் கீலும் சேர்த்துத்தான் படகு கட்டினார்கள்” என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது புரியும். வசதி இருந்தால் ஒரு பரிசலின் படத்தையும் காட்டுங்கள். படங்களில் வரும் கப்பலின் தோற்றம் ஓவியர்களின் கற்பனை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.